ஸ்மார்ட்வாட்ச்: சுத்தம் செய்யும் முறையும் சேதமாகாமல் காக்கும் வழியும்

கைபேசியைப் பையில் வைக்கிறோம், மேசையில் வைக்கிறோம், இரவில் எட்ட வைத்துவிட்டுத் தூங்குகிறோம். ஸ்மார்ட்வாட்சுக்கு அந்த ஓய்வு கிடையாது. நாளின் பெரும்பகுதி தோலோடு ஒட்டியே கிடக்கும் அது, நம் வியர்வையையும், கை கழுவும் சோப்பையும், பூசிக்கொள்ளும் களிம்பையும், சுவரிலும் கதவு நிலையிலும் கை உரசும்போது படும் தூசியையும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்கிறது. கீழே விழுந்து உடைவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உப்பும் சோப்பும் மணலும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்யும் கேட்டை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அந்த மூன்றையும் வாட்சில் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இதை நான் ஓர் இழப்பின் மூலமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றரை ஆண்டு ஒழுங்காக ஓடிய என் முதல் வாட்ச், ஒருநாள் காலையில் சார்ஜ் ஏற மறுத்தது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பின்புறத்தைத் திருப்பி உருப்பெருக்கி வழியே பார்த்தபோதுதான், சார்ஜரைத் தொடும், பொன்னிறமாக இருக்க வேண்டிய உலோகப் புள்ளிகளில் ஒன்று பச்சையேறி, அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்குக் குழி விழுந்திருப்பது தெரிந்தது. உடற்பயிற்சி முடித்த கையோடு, துடைக்காமல் அப்படியே சார்ஜரில் வைத்துவந்த பழக்கத்தின் விளைவு அது. வியர்வையிலுள்ள நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். ஈரம் பட்ட உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அந்த நிலையில் சார்ஜரில் வைத்தால் இரு முனைகளுக்கும் இடையே சிறு மின்னோட்டம் பாய்ந்து, மின்னாற்பகுப்பினால் ஒரு முனையின் முலாமும், பிறகு அதன் அடியிலுள்ள உலோகமும் அரிக்கப்படும். ஆகவே, ஈரமாக இருக்கும் வாட்சைச் சார்ஜரில் வைக்கக் கூடாது என்பதை எல்லாவற்றுக்கும் முதல் விதியாகக் கொள்ளுங்கள். உலோகப் புள்ளிகள் இல்லாமல் வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும் வாட்சுகளில் இந்த அரிப்பு ஏற்படாது என்றாலும், ஈரமும் அழுக்கும் நடுவில் சிக்கினால் வாட்ச் வீணாகச் சூடாகும் என்பதால் அங்கும் துடைத்துவிட்டு வைப்பதே முறை.

நீர்த்தடுப்பு என்பது எதுவரை?

பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரியாததால்தான் பல வாட்சுகள் நீரில் கெடுகின்றன. ஐபி68 என்பதில் முதலில் வரும் 6, தூசி உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவதாக வரும் 8, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் உட்பட்டு நீரில் தொடர்ந்து மூழ்கியிருந்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். 5 ஏடிஎம் என்றால், 50 மீட்டர் ஆழத்து நீர் தரும் அழுத்தத்துக்கு இணையான அழுத்தத்தைச் சோதனையில் தாங்கியது என்று பொருள். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று அதற்குப் பொருள் அன்று. சோதனையில் இருப்பது அசையாத, தூய நீர். நாமோ நீரில் கையை வீசுகிறோம், குதிக்கிறோம், வேகமாகப் பாயும் குழாய்க்குக் கீழே நீட்டுகிறோம். ஐஎஸ்ஓ 22810 என்ற தரத்தின்படி 50 மீட்டர் என்று குறிக்கப்பட்ட வாட்ச், குளத்திலோ கடலோரத்திலோ நீந்துவதற்குப் பொருந்தும். மூழ்குநர்கள் அணியும் கடிகாரங்களுக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தனித்தரம் இருப்பதே, இரண்டும் வேறு வேறு என்பதைக் காட்டுகிறது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த எண் புதிய வாட்சுக்கு உரியது. திரைக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள பசையும், பொத்தான்களைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் வளையங்களும்தான் நீரைத் தடுக்கின்றன. அவை வெப்பத்தாலும் வேதிப்பொருட்களாலும் கீழே விழும் அதிர்ச்சியாலும் தளர்ந்துகொண்டே வரும். ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டியில், நீர்த்தடுப்பு நிரந்தரமானதன்று, காலப்போக்கில் குறையக்கூடும் என்று எழுதியிருக்கிறது. மூன்று ஆண்டு அணிந்த, இரண்டு முறை தரையில் விழுந்த வாட்சை முதல் நாள் நம்பியதுபோல் நம்பி நீரில் இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

குளிக்கும்போது கழற்றிவைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். சோப்பும் ஷாம்பூவும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் நீர் நுழையத் தயங்கும் நுண்ணிய இடுக்குகளிலும் சோப்பு நீர் எளிதாக இறங்கிவிடும். ரப்பர் வளையங்களையும் அது மெல்லக் கெடுக்கும். வெந்நீரும் நீராவியும் இன்னும் மோசமானவை. நீராவிக் குளியல் அறைக்குள் எந்த வாட்சையும் கொண்டுபோகாதீர்கள். வாசனைத் திரவியம், சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் களிம்பு ஆகியவற்றைப் பூசுவதாக இருந்தால், முதலில் பூசி, அது தோலில் நன்றாக ஊறிக் காய்ந்த பிறகு வாட்சைக் கட்டிக்கொள்ளலாம்.

நீந்திவிட்டு வந்தால் நன்னீரில் அலசுவது கட்டாயம். கடல் நீரின் உப்பும் நீச்சல் குளத்தின் குளோரினும் காய்வதற்கு முன்பே கழுவப்பட வேண்டும். சில வாட்சுகளில் ‘வாட்டர் லாக்’ என்ற வசதி இருக்கிறது. அது நீர்த்துளி பட்டுத் திரை தானாக இயங்காமல் தடுப்பதற்காகத் தொடுதிரையைப் பூட்டுகிறதே தவிர, வாட்சின் துளைகளை அடைப்பதில்லை. ஆப்பிள் வாட்சில் அந்தப் பூட்டை எடுக்கும்போது ஒலிபெருக்கி சில ஒலிகளை எழுப்பி, தனக்குள் தங்கிய நீரை அந்த அதிர்வாலேயே வெளியே தள்ளும். கரையேறியதும் மறவாமல் அதைச் செய்துவிடுவது நல்லது.

சுத்தம் செய்யும் முறை

வாரம் ஒருமுறை, வியர்க்க வியர்க்க உழைப்பவராக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பஞ்சு உதிராத மென்மையான துணி இரண்டு, மென்மையான நார் கொண்ட பழைய டூத் பிரஷ் ஒன்று, பஞ்சுக்குச்சிகள் சில, சுத்தமான நீர் ஆகியவையே தேவை. மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி இதற்கு மிகவும் ஏற்றது.

வாட்சைச் சார்ஜரிலிருந்து எடுத்து, அணைத்துவிட்டு, பட்டையைக் கழற்றுங்கள். பட்டையைக் கழற்றாமல் செய்யும் சுத்தம் பாதிச் சுத்தம்தான். பட்டை வந்து பொருந்தும் அந்தக் குறுகிய பள்ளத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வியர்வையும் இறந்த தோலும் சட்டைக் கையின் நூலும் தூசியும் கலந்து, நனைந்த சாம்பலைப் போன்ற ஒரு சாந்து அங்கே அப்பிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்கும் வாட்சின் உள்ளேயும் அது இருக்கும். தோலில் அரிப்பு வருவதற்கும் வாட்சிலிருந்து ஒருவகைப் புளித்த வாடை எழுவதற்கும் பெரும்பாலும் இந்தச் சாந்தே காரணம். உலர்ந்த பிரஷ்ஷால் இதை முதலில் தட்டி எடுத்துவிட்டு, பிறகு நனைத்த பஞ்சுக்குச்சியால் பள்ளத்தின் நீளவாக்கில் துடைத்தெடுங்கள். முதலிலேயே நனைத்தால் தூசி சேறாகி இன்னும் ஆழத்துக்குப் போகும்.

அடுத்து உடற்பகுதி. நீர்த்தடுப்பு உள்ள, அடிபடாத வாட்சாக இருந்தால், குழாயை மெல்லத் திறந்து, மெலிதாக வழியும் வெதுவெதுப்பான நன்னீரில் 10 முதல் 15 விநாடி காட்டலாம். பக்கவாட்டில் திருகும் குமிழ் இருந்தால், நீர் வழியும்போதே அதை முன்னும் பின்னும் திருப்பி, அழுத்தி விடுங்கள். திருகும்போது கரகரப்பாகவோ அழுத்தினால் திரும்பி வராமலோ இருக்கும் குமிழ், பெரும்பாலும் இந்த எளிய அலசலிலேயே சரியாகிவிடும். உள்ளே காய்ந்து கிடந்த களிம்பும் உப்பும் கரைந்து வெளியேறுவதே அதற்குக் காரணம். நீர்த்தடுப்பைப் பற்றி ஐயம் இருந்தாலும், திரையில் கீறல் விழுந்திருந்தாலும் குழாயின் பக்கமே போகாமல், நனைத்துப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

பின்புறத்தில் பச்சை நிறத்தில் மின்னும் ஒளியைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் சென்று, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்த ஓட்டம் கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் அளவைக் கொண்டுதான் வாட்ச் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. அந்தக் கண்ணாடியின் மீது சன்ஸ்கிரீனோ காய்ந்த வியர்வையோ மெல்லிய படலமாகப் படிந்தால் அளவு பிசகும். துடிப்பின் எண்ணிக்கை திடீரென்று தாறுமாறாகக் காட்டினால், மருத்துவரைப் பற்றி நினைப்பதற்கு முன்பு அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். உடம்புக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால் வாட்ச் என்ன காட்டினாலும் காத்திருக்க வேண்டாம்.

சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளுக்கு, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்த பஞ்சுக்குச்சி போதும். சார்ஜரின் பக்கமும் இதே அளவுக்கு அழுக்கு இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு அதே முறையில் துடைக்க வேண்டும். அதே ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் திரையையும் உடற்பகுதியையும் எப்போதாவது துடைக்கலாம். தினமும் துடைத்தால், விரல் ரேகை ஒட்டாமல் இருப்பதற்காகத் திரையின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சு விரைவில் தேய்ந்துவிடும்.

செய்யக் கூடாதவற்றைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ப்ளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், பற்பசை ஆகிய எதுவும் வாட்சின் மேல் படக் கூடாது. கீறலைப் போக்கப் பற்பசை தேய்க்கச் சொல்லும் காணொளிகள் பல உலவுகின்றன. பற்பசையே ஓர் உராய்வுப் பொருள், கீறலை மறைக்கும் வேகத்தில் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும். ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் உரிய சிறு துளைகளில் ஊசியையோ குண்டூசியையோ பல்குச்சியையோ விடாதீர்கள். அந்தத் துளைகளுக்குப் பின்னால் நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு இருக்கும்; காற்றழுத்தம் அளக்கும் உணரி சில வாட்சுகளில் அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்றை உணர்கிறது. சவ்வில் ஒருமுறை ஓட்டை விழுந்தால் நீர்த்தடுப்பு அத்தோடு போயிற்று. அழுத்தக் காற்றைப் பீய்ச்சுவதும், நகைகளைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியில் போடுவதும் இதே வகையில் ஆபத்தானவை.

பட்டையும் தோலும்

சிலிக்கோன், ஃப்ளூரோஎலாஸ்டோமர் போன்ற ரப்பர் வகைப் பட்டைகளை நீரிலேயே கழுவலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மென்மையான, மணமற்ற கழுவும் திரவம் ஒரு துளி போதும். ஆனால் அதன் சுவடே இல்லாமல் அலசிவிட வேண்டும். பட்டைக்கு அடியில் சிக்கிக் காயும் சோப்பு, வியர்வையைவிட அதிகமாகத் தோலை அரிக்கும். நைலான் துணிப் பட்டை, சட்டைக் காலரைப் போன்றது: மிதமான சோப்பு நீரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கையால் கசக்கி, துண்டில் சுற்றி ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். வெளியே உலர்ந்ததாகத் தெரிந்தாலும் மடிப்புகளுக்குள் ஈரம் இருக்கும் என்பதால், இரவில் கழுவிக் காலையில் கட்டுவதே வசதி. உலோகக் கண்ணிப் பட்டைக்கு நனைத்த பிரஷ் போதும்.

தோல் பட்டை நீருக்குப் பகை. லேசாக நனைத்த துணியால் துடைத்து, நேரடி வெயில் படாத இடத்தில் காயவைப்பதைத் தவிர அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். ஆல்கஹாலும் சானிடைசரும் பட்டால் நிறம் வெளுத்து வெடிக்கும். உடற்பயிற்சிக்கும் மழைக்கும் ரப்பர் பட்டை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது தோல் பட்டையின் ஆயுளை நீட்டிக்கும்.

தோலில் சிவப்பும் அரிப்பும் தெரிந்தால் சில நாள் வாட்சைக் கழற்றிவைத்துவிடுங்கள். கட்டும்போது மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, நழுவாமலும் இறுகாமலும் இருக்கும்படி கட்ட வேண்டும். கை கழுவியதும் வாட்சைச் சற்று நகர்த்தி, அடியிலும் துடைக்கும் பழக்கம் ஒன்றே பாதித் தொல்லையைத் தவிர்த்துவிடும். சுத்தமும் இடைவெளியும் கொடுத்த பின்பும் அரிப்பு நீங்காவிட்டால், உலோகத்திலுள்ள நிக்கலோ பசைப்பொருளோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்; தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டையை மீண்டும் மாட்டும்போது, அதன் இரு நுனியிலும் உள்ள ஸ்பிரிங் கம்பி துளையில் முழுதாக உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள். வளைந்த, துருவேறிய கம்பியை மாற்றிவிட வேண்டும். அதன் மதிப்பு மிகச் சிறியது; அது விட்டுக்கொடுத்தால் கீழே விழுவது வாட்ச்.

கண்ணாடியைக் காப்பது

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனும் கனிமம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. சாதாரண வலுவூட்டிய கண்ணாடி அதைவிட மென்மையானது, சபையர் எனப்படும் நீலக்கல் கண்ணாடி 9. ஆகவே, கண்ணாடித் திரையின் மீது ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளைச் சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தால், கீறலை நாமே கோடு போட்டு வரைகிறோம் என்று பொருள். தூசி படிந்த திரையை முதலில் அலசியோ, தூரிகையால் தட்டியோ விட்டுப் பிறகுதான் துணியை வைக்க வேண்டும். சபையர் கண்ணாடி மணலுக்குக் கீறாது, ஆனால் கடினமான பொருள் என்பதாலேயே நொறுங்கும் தன்மையும் அதற்கு உண்டு. கல் தரையில் விழுந்தால் அதற்கும் விரிசல் விழும்.

ஒட்டும் ஸ்கிரீன் கார்டு வேண்டுமா என்று கேட்டால், தட்டையான திரைக்கு டெம்பர்டு கிளாஸும், ஓரம் வளைந்த திரைக்கு டிபியூ எனும் நெகிழும் பிளாஸ்டிக் படலமும் பொருந்தும் என்பேன். திரவப் பசையை ஊற்றிப் புறஊதா விளக்கில் இறுகச் செய்யும் வகையை வாட்சுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அந்தப் பசை ஓரமாக வழிந்து பொத்தானின் இடுக்கிலும் ஒலிபெருக்கித் துளையிலும் இறங்கி இறுகிவிட்டால் எடுக்கவே முடியாது. சுற்றிப் போடும் கவசம் அடிபடாமல் காக்கும். ஆனால் கவசத்துக்கும் உடற்பகுதிக்கும் நடுவில் மணலும் ஈரமும் புகுந்து, கவசமே உப்புத்தாளைப் போல் பூச்சைத் தேய்க்கும் என்பதால், வாரந்தோறும் அதைக் கழற்றிக் கழுவுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

எடை தூக்கும்போதும், பாரமான பொருளை நகர்த்தும்போதும், இயந்திரத்துக்குள் கையை விட்டு வேலை செய்யும்போதும் கழற்றிவைப்பதே உத்தமம். கழற்றும் இடமும் முக்கியம்: கழுவுதொட்டிக்கு மேலே, டைல்ஸ் தரையில் நின்றபடி, ஒற்றைக் கையால் கழற்றும்போதுதான் வாட்ச் நழுவுகிறது. கட்டிலின் மேலோ மேசையின் மேலோ கையை வைத்துக்கொண்டு கழற்றும் பழக்கம், எந்தக் கவசத்தையும்விட நல்ல காப்பு.

வெப்பமும் மின்கலமும்

லித்தியம் அயனி மின்கலம் வெப்பத்தில்தான் விரைவில் முதுமை அடைகிறது. ஆப்பிள் வாட்சின் பல மாடல்களுக்கு, பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்றே நிறுவனம் குறிப்பிடுகிறது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் இதைத் தாண்டிப் போய்விடும் என்பதால் அங்கே வாட்சை விட்டுவர வேண்டாம். சன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்துச் சார்ஜ் செய்வதும் தவறு. சார்ஜ் ஏறும்போது எழும் வெப்பமும் வெயிலின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும்.

கெடுதல் தெரிந்தால்

கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்தது போன்ற மூட்டம் தெரிந்தால், உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜரில் வைக்காதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் பசை இளகும். அரிசிக்குள் புதைத்தால் மாவும் தூசியும் துளைகளில் அடையும். துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டுப் பழுது பார்க்கும் நிலையத்தில் காட்டுவதே வழி. மூட்டம் தானாக மறைந்தாலும் நீர்த்தடுப்பு போய்விட்டது என்றே கொண்டு, அதன் பிறகு அந்த வாட்சை நீருக்குக் காட்டக் கூடாது.

திரை ஒரு பக்கமாக மெல்ல எழும்பி நின்றாலோ, ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே மின்கலம் உப்பியிருக்கலாம். அதை அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது மிகவும் ஆபத்து. அழுத்தத்தில் மின்கலத்தின் உட்படலம் கிழிந்தால் தீப்பிடிக்கும். கையிலிருந்து கழற்றி, சார்ஜ் செய்யாமல், எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளிவைத்து, அப்படியே பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

சில மாதங்கள் பயன்படுத்தாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன முறையில் சுத்தம் செய்து, முழுதாகக் காய்ந்த பிறகு, மின்கலம் ஏறத்தாழ பாதி நிறைந்த நிலையில் அணைத்து, பட்டையை மடக்காமல் நீட்டி, குளிர்ந்த உலர்ந்த அலமாரியில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, சார்ஜ் இறங்கியிருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றிவிட வேண்டும்.